இல்லை என்று நான் எழுதிய சான்று

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பதிவறையில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்காருகிற இளநிலை உதவியாளர் அவள். எந்தக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று எப்போதாவது இப்படிக் கேட்பார்கள். இவள் கேட்டது வேறு.

“ஏனுங்கக்கா, பழைய பிறப்பு இறப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுங்க. பேரைப் போட்டுத் தேடறேன். வரலைன்னா ‘பதிவு இல்லை’ன்னு சான்று அடிச்சுக் கையெழுத்துக்கு வெச்சரலாமுங்களா?”

“வெச்சராதே கண்ணு,” என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், வார்த்தை சரியாக வரவில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று பகல் முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்க மறந்தேன். வீட்டுக்காரர் இரண்டு முறை என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அது தொலைபேசியில் அடங்குகிற பதில் இல்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் ஞானமணி. திருப்பூரை ஒட்டிய ஒரு சிறிய நகராட்சியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தபால் பிரிவில் முத்திரை குத்தியது, துறைத்தேர்வு எழுதியது, பொதுப் பிரிவிலிருந்து நகரமைப்புப் பிரிவுக்குப் போனது எல்லாம் எந்த எழுத்தருக்கும் நடப்பதுதான். நாற்பத்தைந்து வயதில் பதிவறைக்கு மாற்றினார்கள். ஒரு கட்டட அனுமதிக் கோப்பில் கவுன்சிலர் ஒருவர் சொன்ன முன்தேதியை எழுத மாட்டேன் என்றேன். அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஆகாதவர்களைப் போடுகிற இடம் அதுதான்.

அலுவலகத்துக்குப் பின்னால் தடுப்பூசி மருந்து வைத்திருந்த பழைய கட்டடம். இரும்பு அலமாரிகள் பதினாறு. வேலை முடிந்த கோப்பு ஒவ்வொன்றும் எத்தனை காலம் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு: ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம், என்றைக்கும். கட்டுவதற்கு அரசு கொடுக்கிற நாடா எனக்கு முன்பே தீர்ந்துபோய், பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் வெட்டுத் துணியைக் கிழித்துத்தான் கட்டி வைத்திருந்தார்கள். நான் அதையே ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைத் துணி என்றால் ஒரு வருடம், மஞ்சள் மூன்று, நீலம் பத்து, சிவப்பு என்றைக்கும். பிறப்பு இறப்புப் பதிவேடுகள் எல்லாம் சிவப்பு. அந்த அறையை ஒரு வருடத்தில் நிமிர்த்திவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் மேலாளர் துரைசாமி என்னைவிட நாலைந்து வயது இளையவர், நேரடித் தேர்வு எழுதி வந்தவர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்ற மாட்டார். யாரையும் தன் அறைக்குக் கூப்பிட மாட்டார். அவரே நடந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். கோப்பை நின்றுகொண்டேதான் படிப்பார். குறிப்பை முதலில் பென்சிலில் எழுதி, ஒரு முறை படித்துவிட்டு, அதன் மேலேயே பேனாவால் எழுதுவார். கோபம் வந்தால் குரல் உயராது. மரியாதை இரண்டு மடங்காகிவிடும். அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவோம்.

நான் பதிவறைக்கு வந்த புதிதில், நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் நிட்டிங் கம்பெனி வைத்திருந்த கவுண்டர் ஒருவர், தன் இடத்தின் பழைய மனைப்பிரிவுக் கோப்பைக் கேட்டு வந்தார். பொது வழி எது என்று பக்கத்து இடத்துக்காரரோடு வழக்கு. நான் தேடிவிட்டு இல்லை என்றேன். மேலாளர் வந்து நின்றார்.

“ஏனுங்க, எங்கெங்க பாத்தீங்க?”

“நகரமைப்புக் கட்டுல பாத்தனுங்க சார். இல்லீங்க.”

“அது ஒரு இடமாச்சுங்க. வேற?”

வேறெங்கும் நான் பார்த்திருக்கவில்லை.

“இல்லைங்கறது வேறங்க, கிடைக்கலைங்கறது வேற. எங்கெல்லாம் தேடினோம்னு வரிசையா எழுதிப்போட்டு, அதுக்குக் கீழ கிடைக்கலைன்னு எழுதலாம். இல்லைன்னு எழுதறதுக்கு நமக்கு அதிகாரம் இருக்குதுங்களா?”

எரிச்சலோடுதான் மறுபடி தேடினேன். அந்தக் கோப்பு சுகாதாரப் பிரிவுக் கட்டில் இருந்தது. அந்த நிலத்தில் ஒரு காலத்தில் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இருந்ததால், கொசுப் புகார் ஒன்றோடு சேர்த்து யாரோ தைத்து வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் ஒரு விதி வந்தது. எதைத் தேடினாலும் தேடிய இடங்களைப் பட்டியல் போட வேண்டும். பிறப்புப் பதிவு என்றால் கேட்ட வருடத்துக்கு முன்னே மூன்று, பின்னே மூன்று, ஆக ஏழு வருடப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். மக்கள் சொல்கிற வருடம் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

ஏழு வருடம் என்று எழுதுவது சுலபம். ஒரு வருடத்துக்கு இரண்டு தொகுதி. பெயர் அட்டவணை கிடையாது. ஆஸ்பத்திரியில் பிறந்தது, வீட்டில் பிறந்தது என்று எல்லாம் தேதிப்படி கலந்து இருக்கும். குழந்தையின் பெயர் என்ற கட்டம் பாதிக்குப் பாதி காலியாக இருக்கும். ‘பெண்’ அல்லது ‘ஆண்’, அவ்வளவுதான். தகப்பன் பெயரை வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். நான் செய்துகொண்டுதான் இருந்தேன், கணினி வரும் வரை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒப்பந்தத்துக்கு எடுத்த ஒருவர் மாடியில் ஐந்து பெண்களை உட்கார வைத்தார். தினமும் காலையில் ஆள் வந்து நிற்பான். “மேடம், இன்னிக்கு எந்த வால்யூம்?” தட்டச்சுச் செய்ய வசதியாக இருக்கும் என்று பதிவேட்டின் தையலைப் பிரித்து, ஆளுக்குப் பத்துத் தாளாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நான் சண்டை போட்டேன். தைத்தே திருப்பித் தருகிறோம் என்றார்கள். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, தைத்து அடுக்குவதிலேயே என் நாள் போயிற்று. விண்ணப்பங்கள் தேங்கின.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை சுடலைமுத்து வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். மணிக்கட்டு வரை நீலம் ஏறியிருந்தது.

“எம்மா, எம் மக முத்துலட்சுமிக்குப் பொறப்புச் சர்டிபிகேட்டு வேணும். இங்ஙன அரசாசுபத்திரியிலதான் பொறந்தா. எம்பத்தி நாலு, ஆனி மாசம்.”

எண்பத்து நாலாம் வருடப் பதிவேடு அப்போது என் மேசை மேலேயே இருந்தது. மாடிக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்தேன். ஆனி, ஆடி என்று பார்த்தேன். வைகாசியையும் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். பதிவேட்டை வாங்கிப்போக மாடியிலிருந்து வந்த ஆள் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“இல்லீங்களே,” என்றேன்.

“இல்லேன்னா, இல்லேன்னு ஒரு தாளு குடுத்தாப் போதும்மா.”

பிறப்புப் பதிவு இல்லை என்றால் மனிதர்கள் சண்டை போடுவார்கள். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிக் காட்டுவார்கள், எங்கள் பிள்ளை பிறக்கவே இல்லையா என்று கத்துவார்கள். இந்த மனிதர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. ‘1984-ஆம் ஆண்டுப் பதிவேடு பார்வையிடப்பட்டது. பதிவு இல்லை’ என்று தேடுதல் குறிப்பு எழுதினேன். மேலாளர் மேசையில் அன்று கையெழுத்துக்குக் குவிந்திருந்த தாள்களோடு அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் சான்று வாங்கிப் போனார். நகலை மஞ்சள் துணிக் கட்டில் வைத்தேன். அதோடு மறந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண்மணி வந்தாள். பனியனில் பிசிறு வெட்டுகிற வேலை. சேலை முழுக்க நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இந்தத் தாளு இங்ஙன குடுத்ததாம்மா?”

என் சான்றுதான். ஆமாம் என்றேன்.

அவள் பெயர் பேச்சியம்மாள், சுடலைமுத்துவின் மனைவி. நின்றுகொண்டே சொன்னாள். இந்தத் தாளைக் காட்டி ஒரு டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி, மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று எழுதி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு நூல் மில்லில் சேர்த்துவிட்டார். அங்கேயே விடுதி. மூன்று வருட ஒப்பந்தம். முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்களாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

“ரெண்டு மட்டம் மயங்கி விழுந்திருக்காம்மா. ராவும் பகலும் மாத்தி மாத்தி ஷிப்ட்டு. கூட்டிட்டுப் போறேன்னு கேட்டேன். வயசு வந்த பிள்ள, தகப்பன் கையெழுத்துப் போட்டிருக்காரு, மூணு வருசம் விடமாட்டோம்னு இந்தத் தாளத்தான் எடுத்துக் காட்டுதாக. அவளுக்குப் பதினஞ்சுகூட நெறயலம்மா.”

“உங்க வீட்டுக்காரர் எம்பத்தி நாலுன்னு சொன்னாருங்களே.”

“அவரு சொன்னா? பெத்தவ நானில்லையா?”

அவளை உட்காரச் சொன்னேன். சுடலைமுத்துவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் இவளிடம் கேட்டேன். பிறந்தபோது எங்கே குடியிருந்தீர்கள்? காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்த ஒரு பாய்க்கு இங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் இருந்தன, அதில் நாலாம் நம்பர். எந்த மாதம்? தீபாவளி போனஸ் வாங்கி ஒரு மாதத்துக்குள். எந்த வருடம்? அது தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மொதலமைச்சரு செத்துப்போயி ஊரே அடச்சுக் கெடந்துச்சுல்லா, அந்த மார்கழி. அப்ப அவ கைப்பிள்ள. பாலு வாங்கக் கட கெடையாது. பாய் ஊட்டுலேருந்துதான் பாலு குடுத்தாக,” என்றாள்.

அந்த மார்கழி யாருக்கு மறக்கும்? எண்பத்தேழு. சுடலைமுத்து சொன்னதற்குச் சரியாக மூன்று வருடம் பின்னால். மேலாளர் போட்ட விதிப்படி ஏழு வருடம் பார்த்திருந்தால், கடைசிப் பதிவேடாக இதைத்தான் எடுத்திருப்பேன்.

எண்பத்தேழின் இரண்டாம் தொகுதியை எடுத்து ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் வரி வரியாகப் பார்த்தேன். சுடலைமுத்து இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில் என் மனதில் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன்: இல்லாவிட்டால் நல்லது, நான் எழுதியது தப்பில்லை என்று ஆகிவிடும். அப்படி நினைத்த என் மேலேயே அருவருப்பு வந்தது.

தாள்களை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பக்க எண் ஒழுங்காக வரவில்லை. அந்த வருடத்துத் தாளில் பத்து குறைந்தது. மாடியிலிருந்து திரும்பிய பதிவேடு அது, எண்ணித்தான் வாங்கினேன். எண்ணிக்கை சரியாக இருந்திருக்கிறது, ஏனென்றால் வேறு ஏதோ வருடத்தின் பத்துத் தாளை இதில் வைத்துத் தைத்திருந்தார்கள். பேச்சியம்மாளை நாளை வரச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். அந்த ஐந்து பெண்களும் என்னோடு சேர்ந்து தேடினார்கள். அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தோம். ஏற்றி முடித்த தொகுதிகளின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அன்று கிடைக்கவில்லை. மறுநாள் மதியம் எழுபத்தொன்பதாம் வருட இறப்புப் பதிவேட்டுக்குள் கிடைத்தது.

கார்த்திகை மாதத் தேதி. அரசு மருத்துவமனை. பெண். தாய்: பேச்சியம்மாள். முகவரி: பாய் லைன், கதவு எண் நான்கு. தகப்பன் பெயர்: சோலைமுத்து. சுடலை என்று ஒரு பெயர் உண்டு என்பதே எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி எழுத்தருக்குத் தெரிந்திருக்காது. காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். கணினியிலும் சோலைமுத்து என்றே ஏறியிருந்தது. சுடலைமுத்து என்று எத்தனை முறை தட்டினாலும் அது வராது.

பதிவேட்டையும் என் பழைய குறிப்பையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். வழக்கம்போல எழுந்து நின்று படித்தார். என் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

“ஏனுங்க ஞானமணி, ஒரு வருசம்தானுங்களா பாத்தது?”

“ஆமாங்க சார்.”

“சரிங்க.”

அவர் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. குறிப்பைப் பதிவேட்டின் மேல் வைத்தார். பிறகு சொன்னார்: “கையெழுத்துக்கு எனக்கு வந்தப்ப நானும் எங்கெங்க பாத்தீங்கன்னு கேக்கலைங்களே. ஊருக்கெல்லாம் கேக்கறவன், அன்னிக்குக் கேக்கலீங்க.”

பிறப்புச் சான்று உடனே கொடுத்துவிடலாம் என்றேன். குழந்தையின் பெயரைச் சேர்க்கவும் வழி இருந்தது. பதிவான நாளிலிருந்து பதினைந்து வருடம் வரைதான் சேர்க்கலாம், அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. தகப்பன் பெயரையும் திருத்தலாம். பழைய சான்றைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

“இருந்துட்டுப் போகட்டும்னு விட்டா, மில்லுக்காரர் கையில அது ஒண்ணு, அந்தம்மா கையில இது ஒண்ணு. ரெண்டும் நம்ம ஆபீஸ் சீல். எதை நம்பறதுன்னு அவங்க கேப்பாங்களா மாட்டாங்களா? அதை ரத்துப் பண்ணோணுமுங்க. ஏன் ரத்துன்னு எழுதோணும்.”

“சார், அப்படி எழுதினா எனக்கு மெமோ வரும்.”

“எனக்கும் வருமுங்க. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க. உங்க பேரு, என் பேரு ரெண்டையும் போடுங்க.”

அந்தக் குறிப்பை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் முறை எழுதியதில் பணிச்சுமை காரணமாக என்று இருந்தது. இரண்டாவதில் விண்ணப்பதாரர் தவறான தகவல் தந்ததால் என்று இருந்தது. இரண்டும் உண்மைதான். நாலாவது முறை, விதிப்படி ஏழு வருடப் பதிவேடுகளைப் பார்க்காமல் ஒரு வருடத்தை மட்டும் பார்த்து இல்லை என எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் குழந்தை முத்துலட்சுமிதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. பேச்சியம்மாளையும் அழைத்துக்கொண்டு அவள் மகள் படித்த நகராட்சிப் பள்ளிக்கு நானே போனேன். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டினார். பிறந்த தேதி அங்கே வழக்கம்போல ஒரு ஜூன் மாதத் தேதியாக, குத்துமதிப்பாக இருந்தது. ஆனால் வருடம் எண்பத்தேழு. பெற்றோர் பெயர் சுடலைமுத்து, பேச்சியம்மாள் என்றும், வீடு பாய் லைன், நாலாம் நம்பர் என்றும் இருந்தன. எழுதி வாங்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய நகராட்சி ஆணையர் சென்னைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். நான்கு நாள். அந்த நான்கு நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வந்தாலும் அந்த மில்லிலிருந்து செய்தி வந்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை வந்தது சுடலைமுத்து. பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார். இந்த முறை கை சிவப்பாக இருந்தது. சத்தம் போடப்போகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

“எம்மா, அவள வெளிய கொண்டாந்து என்ன செய்யப் போறீக? நானும் பட்டறைக்குப் போயிருதேன், அவ அம்மையும் கம்பெனிக்குப் போயிருதா. லைன் ஊட்டுல அறைக்கு அஞ்சு பேரு வெளியூர்ப் பயலுவ. பள்ளிக்கூடத்த விட்டு நின்னுட்டா. வயசுப் பிள்ளைய யாரை நம்பி விட்டுட்டுப் போக? அங்கயாச்சும் கதவு உண்டு, காவல் உண்டு. கல்யாணத்துக்கும் ஆகும்னு நெனச்சேன்.”

“அவ மயங்கி விழுந்திருக்கா, தெரியுங்களா?”

“தெரியும்.” தலையைக் குனிந்துகொண்டார். “நான் பொய் சொன்னேன், சரி. நீங்க ஏம்மா நல்லாப் பாக்கல?”

பதிலுக்கு நிற்காமல், ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். பொய்யைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் நான் கேட்க வேண்டியதைக் கேட்டு, ஒழுங்காகப் பார்த்திருந்தால் அது என் மேசையோடு நின்றிருக்கும். அவரும் ஒருவேளை அதைத்தான் எதிர்பார்த்திருந்தாரோ என்று சில நாள் தோன்றும். சில நாள், என் குற்றத்தைக் குறைக்க நானே கட்டிக்கொண்ட நினைப்பு இது என்று தோன்றும்.

வெள்ளிக்கிழமை ஆணையர் கையெழுத்துப் போட்டார். பெயர் சேர்த்த பிறப்புச் சான்று ஒன்று, பழைய சான்றை ரத்து செய்யும் உத்தரவு ஒன்று. மேலாளர் அன்றே தொழிலாளர் ஆய்வாளரைப் பார்த்துப் பேசி, பேச்சியம்மாளை அவரிடம் அனுப்பிவைத்தார். நாமும் கூடப் போகலாமா என்று கேட்டேன். “நம்ம வேலை தாளோட முடிஞ்சதுங்க. தாளு சரியா இருந்தா அது பேசும்,” என்றார். அவரும் அந்த நம்பிக்கையில் நிம்மதியாக இல்லை. திங்களிலிருந்து தினமும் இரண்டு முறை பதிவறைக்கு வந்து, எதையோ தேடுகிற மாதிரி நின்றுவிட்டுப் போனார். பதினோராம் நாள் பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்று, “வந்துட்டாம்மா,” என்றாள். வேலைக்கு நேரமாயிற்று என்று ஓடினாள்.

எனக்கும் மேலாளருக்கும் கண்டனம் வந்தது. பணிப்பதிவேட்டில் ஏறியது. நியாயம்தான்.

அதோடு முடிந்திருந்தால் இந்த வயதில் இப்படிப் பரபரத்துக்கொண்டிருக்க மாட்டேன். அந்த வாரம் மஞ்சள் துணிக் கட்டைப் பிரித்தேன். கணினி வேலை தொடங்கியதிலிருந்து நான் கொடுத்த ‘பதிவு இல்லை’ சான்றுகளின் நகல்கள் அதில் இருந்தன. எண்ணினேன். எண்பத்தாறு. எல்லாவற்றிலும் ஒரே வருடம்தான் பார்த்திருந்தேன். மூன்று வருடம் ஆனதும் அழிக்க வேண்டிய கட்டு அது. அழித்துவிட்டால் யாருக்கு என்ன எழுதினேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விடும்.

மேலாளரிடம் காட்டினேன். “எல்லாத்தையும் திரும்பப் பாக்கறனுங்க சார்.”

“பாருங்க. மத்த வேலை நிக்கக்கூடாதுங்க,” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, “பாதியை எனக்குக் குடுங்க,” என்றார்.

மதியச் சாப்பாட்டை டப்பாவிலிருந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஒன்றரை வருடம் பார்த்தோம். பதினான்கு பேருக்குப் பதிவு கிடைத்தது. பதினான்கு கடிதம் எழுதினோம். ஐந்து பேர் வந்து சான்று வாங்கிக்கொண்டார்கள். மங்கலத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஒருவர், இப்போது எதற்கு என்று என்னையே கேட்டுவிட்டுப் போனார். மூன்று கடிதங்களுக்குப் பதிலே இல்லை. மிச்சம் ஐந்து, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. லைன் வீட்டு விலாசம் ஒரு வருடம்கூடத் தாங்காது. ஆர்டர் இருக்கிற கம்பெனிப் பக்கம் குடும்பம் நகர்ந்துவிடும். அந்த ஐந்தில் மூன்று பெண் பிள்ளைகள். அவர்களுக்கு நான் கொடுத்த தாள் எதற்குப் பயன்பட்டது என்று தெரியவில்லை. துரைசாமி மாற்றலாகிப் போன பிறகும் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தேன். பலரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு நாள் காலை, கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, ஆஸ்பத்திரியிலிருந்து பதிவுக்கு அனுப்பினார்களா என்று பார்க்க வேண்டும், பெயரையும் இன்றே சேர்க்க வேண்டும் என்றாள். பெயர் சேர்க்க எல்லோரும் பள்ளியில் போடும்போதுதான் வருவார்கள். பன்னிரண்டாம் நாள் யாரும் வந்து நான் பார்த்ததில்லை. தாயின் பெயரைக் கேட்டேன்.

“முத்துலட்சுமிங்க. எங்கப்பா பேரு சுடலைமுத்து.”

நான் அவளை அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. பனியன் கம்பெனியில் மோட்டார் மிஷினில் தைக்கிற பவர்டேபிள் டெய்லராக இருப்பதாகச் சொன்னாள். திருப்பூர்ப் பேச்சு நன்றாக வந்திருந்தது. குழந்தைக்கு யாழினி என்று பெயர். நான் தட்டச்சுச் செய்ததும், “திரையை இப்படித் திருப்புங்க,” என்றாள். ழ சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவள் கணவன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தாள். “புஸ்தகத்துலயும் காட்டுங்க,” என்றாள். பதிவேட்டை எடுத்துவந்து காட்டினேன். குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு அந்த வரி முழுவதையும் படித்தாள்.

“அம்மா சொல்லியிருக்குதுங்க,” என்றாள், தலை நிமிராமல். “பதிவறையில ஒரு அம்மா இருந்தாங்க, தேடி எடுத்துக் குடுத்தாங்கன்னு. நீங்கதானுங்களா?”

“நான்தான் கண்ணு,” என்றேன். அதோடு விட்டிருக்கலாம், விட முடியவில்லை. “மொதல்ல இல்லைன்னு எழுதுனதும் நான்தான்.”

“அதுவும் தெரியுமுங்க,” என்றாள். அவள் குரலில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “ரெண்டு காப்பி குடுங்க,” என்றாள்.

கொடுத்தேன். இரண்டையும் தனித்தனியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.